ஒரு மூச்சு தள்ளி

இந்திராணி ஒலிபெருக்கியின் பிளக்கைப் பிடுங்கினாள். சுலோகம் பாதியில் நின்றது.

பந்தலுக்குக் கீழே பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தவர்கள் தலையைத் தூக்கினார்கள். சித்தூரில் ஒரு வீட்டில் சாவு விழுந்தால், பந்தல்காரனுக்கும் ஐஸ் பெட்டிக்காரனுக்கும் சொல்வதற்கு முன்பே அந்தத் தெலுங்கு சுலோக ரெக்கார்டைப் போட்டுவிடுவார்கள். அது கேட்கும் தெருவில் போகிறவர்கள் வண்டியை மெதுவாக்கி யார் என்று விசாரிப்பார்கள். அது நடுவில் நின்றால் செத்தவர் எழுந்து உட்கார்ந்துவிட்டாரோ என்றுதான் முதலில் தோன்றும்.

"அண்ணி, என்ன பண்றீங்க?" பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு நின்ற பாலு ஓடிவந்தார். இறந்துபோன நாகபூஷணத்தின் தம்பி. காலையிலிருந்து எல்லாவற்றையும் அவர்தான் ஏற்பாடு செய்துகொண்டிருந்தார்.

"சத்தம் ஒடையுது பாலு. ஸ்பீக்கர் பெட்டி கிழிஞ்சு போயிருக்குது. காலையில இருந்து கர்ர் கர்ர்னு. உங்க அண்ணன் உயிரோட இருந்தா இந்நேரம் எழுந்து போய் அந்த மைக்செட்காரனை அடிச்சிருப்பாரு."

"உயிரோட இருந்தா இதை எதுக்குப் போடப் போறோம்?"

யாரோ சிரித்துவிட்டு இருமினார்கள்.

"வேற பெட்டி கொண்டாரச் சொல்லு. இல்லன்னா சும்மா வுடு. சாவு வூடுதானே. கொஞ்ச நேரம் சத்தமில்லாம இருந்தா ஒண்ணும் ஆயிடாது."

ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில் திரும்பவும் உட்கார்ந்தாள். கண்ணாடிக்குள் நாகபூஷணம் மாலைகளுக்கு நடுவே முகம் மட்டும் தெரியப் படுத்திருந்தார். விடிவதற்கு முன்னால் திருப்பதி ஆஸ்பத்திரியில் உயிர் போயிருந்தது. நுரையீரல். இருபத்துச் சொச்ச வருஷம் மாம்பழக் கூழ் ஃபாக்டரியில் சூப்பர்வைசராக இருந்தவர். சனி ஞாயிறுகளில் கல்யாண மண்டபங்களில் பாடுகிறவர். ஊருக்கு அவர் பாடகர்தான். சூப்பர்வைசர் என்பது ஃபாக்டரிக்கு உள்ளே மட்டும்.

சுலோகம் நின்றதும் தெருவின் மற்ற சத்தங்கள் திரும்பி வந்தன. பெரிய ரோட்டில் மாம்பழ லாரிகள் கியர் மாற்றிக்கொண்டு போயின. சீசன் நேரம். ஊர் முழுக்க அந்தப் புளித்த இனிப்பு வாசனை.

அவளுக்கு அழுகை வரவில்லை. வரும் என்று தெரியும். அதற்கு இப்போது இடமில்லை.

ரகு செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து அவளுக்கு எதிரில் குந்தினான். ஆர்க்கெஸ்ட்ராவில் கீபோர்டு வாசிக்கிறவன். தெலுங்குக்காரன். அண்ணியை அவர்கள் சொல்வதுபோல அவளை வதினா என்றுதான் கூப்பிடுவான்.

"வதினா, ஒண்ணு சொல்லணும். கோவப்படக் கூடாது."

"சொல்லு."

"யாமினிக்கு ஃபோன் பண்ணிட்டேன். திருப்பதியில பஸ் ஏறிட்டா. வந்துக்கினு இருக்கா." வாசல் பக்கம் கையைக் காட்டினான். "கீபோர்டு என் கார்லதான் இருக்குது. எடுக்கறப்ப அந்த ஒரு பாட்டு. நீங்க சரின்னா."

எந்தப் பாட்டு என்று அவன் சொல்லவில்லை. பந்தலில் யாருக்கும் சொல்லத் தேவையும் இல்லை. பின்னால் உட்கார்ந்திருந்த மணியம்மா வெற்றிலை மெல்லுவதை நிறுத்தினாள். எதிர்வீட்டுக்காரி. இந்தத் தெருவின் செய்திகள் எல்லாம் அவள் வாய்வழியாகத்தான் போய்வரும்.

"ரகு அங்கிள், யாரைக் கேட்டு அவங்களுக்குச் சொன்னீங்க?" ஹரிப்ரியாவின் குரல் கதவு ஓரத்திலிருந்து வந்தது. ஸ்ரீசிட்டியில் வேலை பார்க்கும் மகள். இரவு முழுக்கத் தூங்காத கண்கள்.

"பாப்பா, அது வந்து..."

"அம்மா, நீ உள்ள வா."

இந்திராணி எழுந்தாள். ரகுவைப் பார்த்து, "டீ குடிச்சியா?" என்று மட்டும் கேட்டாள்.

*

அந்தப் பாட்டு ஒரு பழைய இந்திப் படத்தில் வருவது. கறுப்பு வெள்ளைப் படம். தெருவில் யாரும் அந்தப் படத்தைப் பார்த்ததில்லை. ஓர் ஆண் தாழ்ந்த குரலில் ஆரம்பிப்பான். ஒரு பெண் பதில் சொல்வாள். மாறி மாறிப் போய், மூன்றாவது சரணத்தில் மெட்டு ஓர் உயரத்துக்கு ஏறும். அங்கே நிற்கப் போகிறது என்று காது நம்பும். நிற்காது. படி இறங்கி வீட்டு வாசலுக்கு வருவதுபோல முதல் வரிக்கே வந்துவிடும். அவ்வளவுதான். சோகப் பாட்டு என்று சொன்னால் ஆமாம் எனலாம். சந்தோஷப் பாட்டு என்றாலும் ஆமாம்தான்.

ஆர்க்கெஸ்ட்ராவுக்கு அந்தப் பாட்டு கிடைத்தது ஒரு சண்டையால். இந்தப் பக்கத்துக் கல்யாணங்களில் மாப்பிள்ளை வீடு தெலுங்காக இருந்தால் பெண் வீடு தமிழாக இருக்கும். முதல் பாட்டு தெலுங்கில் எடுத்தால் பெண் வீட்டார் முகத்தைத் திருப்புவார்கள். தமிழில் எடுத்தால் மாப்பிள்ளையின் தாய்மாமன் மேடைக்கே ஏறிவிடுவார். நகரியில் ஒரு கல்யாணத்தில் மைக் ஸ்டாண்டைப் பிடுங்கி அடிக்கப் போனார்கள். அன்று நாகபூஷணம் மைக்கை விடாமல், சட்டென்று இந்தப் பாட்டை எடுத்தார். ரெண்டு பக்கத்துக்கும் ஒரு வார்த்தை புரியவில்லை. ரெண்டு பக்கமும் உட்கார்ந்தது. அதற்குப் பிறகு எந்தக் கல்யாணம் என்றாலும் முதல் பாட்டு அதுதான். பத்திரிகை கொடுக்க வருகிறவர்களே, "அந்த இந்திப் பாட்டோட ஆரம்பிச்சிடுங்க சார்" என்பார்கள். எத்தனையோ புதுப் பாட்டுகள் மாம்பழம்போல வந்து ஒரு சீசனில் அழுகிப்போயின. இது மட்டும் போகவில்லை. அந்தக் கல்யாணங்களில் பிறந்த பிள்ளைகள் தங்கள் கல்யாணத்துக்கும் அதையே கேட்டார்கள்.

ஒரு வேடிக்கை உண்டு. அசல் ரெக்கார்டை ரேடியோவில் கேட்டால் சித்தூர்க்காரர்களுக்குப் பிடிக்காது. ஏதோ தப்பாக இருக்கிறது, ஓட்டமாக ஓடுகிறது என்பார்கள். நாகபூஷணம் பாடுவதுதான் சரியான பாட்டு. ஏன் என்று யாருக்கும் சொல்லத் தெரியாது.

பெண் குரல் யாமினியுடையது.

*

சமையலறையில் அடுப்பு பற்றவைக்கப்படவில்லை. ஹரிப்ரியா மேடையில் சாய்ந்து நின்றாள்.

"அவங்க வரக் கூடாதும்மா."

"வர்றவங்கள வராதன்னு சொல்ற எடமா இது?"

"வரட்டும், மாலை போடட்டும், போகட்டும். பாடறதெல்லாம் வேணாம். மணியம்மா அத்தை முழிச்ச முழிய பாத்தியா? நைனா சாவுல இதுதான் பேச்சு ஆகும்." அவள் மேடையிலிருந்து நிமிர்ந்தாள். "ஸ்கூல்ல எனக்கு முன்னாடி எத்தனை பேர் அந்தப் பாட்டைப் பாடிக் காட்டியிருக்காங்க தெரியுமா? நான் க்ளாஸுக்குள்ள போனாலே பின் பெஞ்சுல அந்தம்மா லைன ஆரம்பிப்பாங்க."

"தெரியும்."

"தெரியுமா? தெரிஞ்சும் ஒண்ணும் கேக்கலியா?"

"நல்லா பாடுனாங்களா?"

ஹரிப்ரியா அம்மாவையே பார்த்தாள். கோபப்படுவதா சிரிப்பதா என்று தெரியாமல் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

இந்திராணி மகளின் தோளில் விழுந்திருந்த முடியை எடுத்துப் பின்னால் விட்டாள். நாகபூஷணத்தையும் யாமினியையும் பற்றி ஊர் பேசியது அவளுக்கு எப்போதும் தெரியும். வாரம் தவறாமல் ஒருத்தியோடு காதல் பாட்டுப் பாடிவிட்டு ராத்திரி பஸ்ஸில் வருகிறவனைப் பற்றி ஊர் வேறு என்ன பேசும்? அவள் அவரிடம் கேட்டதில்லை. அவராகச் சொன்னதுமில்லை. கச்சேரிக்கு ஒருநாளும் போனதில்லை. வீட்டு வேலை என்பாள். வேலை இல்லை என்பது அவளுக்கே தெரியும்.

அவள் பயந்தது வேறொன்றுக்கு. அதை ஹரிப்ரியாவிடம்கூடச் சொல்ல முடியாது.

இந்த வீட்டில் அந்தப் பாட்டு வேறு மாதிரி இருந்தது. காலையில் நாகபூஷணம் கொல்லைப்புற ஜன்னலில் கண்ணாடியை மாட்டி வைத்துச் சவரம் செய்துகொண்டே பாடுவார். தன் வரிகளை மட்டும். பெண் வரி வரும் இடத்தில் வாயை மூடிக்கொண்டு சொம்பில் தாளம் போடுவார். கல்யாணமான புதிதில் ஒருநாள், அந்த இடைவெளியில், அடுப்படியிலிருந்து அவள் கேட்டாள்: "சட்னி போதுமா, பொடியும் வைக்கட்டுமா?" அவர் பதில் சொல்லவில்லை. அடுத்த வரியைப் பாடினார். அந்த வரி பொடி வேண்டும் என்பதுபோல் இருந்தது. பொடி வைத்தாள். சாப்பிட்டார்.

அப்படித்தான் ஆரம்பித்தது. பிறகு அது ஒரு வழக்கமாகிவிட்டது. அவர் ஒரு வரி. இவள் ஒரு பேச்சு. கேஸ் புக் பண்ணணும். பால்காரன் தண்ணி ஊத்தறான். ஹரிப்ரியாவுக்கு ஃபீஸ் கட்டணும். சில நாள் அவள் வேண்டுமென்றே நீட்டுவாள். பால்காரனில் தொடங்கி மணியம்மாவின் மருமகளுக்குப் போய், அங்கிருந்து தண்ணீர் வராத குழாய்க்கு வருவாள். அவர் முகத்தில் பாதி நுரையோடு, கையில் பிளேடோடு, வாயைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்பார். அவள் முடித்த பிறகுதான் எடுப்பார். ஒருநாளும் அவள் பேச்சின் மேலே பாடினதில்லை. இருவரும் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொண்டதும் இல்லை.

புனேயில் இரண்டு வருஷம் இருந்துவிட்டு வந்த ஹரிப்ரியா ஒருமுறை அந்த இந்தி வரிகளுக்கு அர்த்தம் சொல்லட்டுமா என்று கேட்டாள். "வேணாம், நான் ஒண்ணு வச்சிருக்கேன்" என்றுவிட்டாள் இந்திராணி.

கடைசி வாரம் ஆஸ்பத்திரியில் அவர் மூக்கில் குழாய் இருந்தது. பாட்டு இல்லை. அவள் மட்டும் பேசிக்கொண்டிருந்தாள்.

கச்சேரிக்குப் போனால் மேடையில் பாட்டு முழுசாக இருக்கும். அவள் பேசுகிற இடத்தில் வேறொருத்தியின் குரல் கச்சிதமாக உட்கார்ந்திருக்கும். அதைப் பார்த்துவிட்டால் தன்னுடையது வெறும் அடுப்படிச் சத்தம் என்று தெரிந்துவிடும். இத்தனை வருஷம் அவள் ஓடியது அதிலிருந்துதான். இப்போது அந்த முழுப் பாட்டு பஸ் ஏறி அவள் வாசலுக்கே வருகிறது. தெரு கூடியிருக்கும்போது யாமினி பாடினால், பாட்டு யாமினியுடையது என்று முடிவாகிவிடும். வீட்டில் இருந்த பாட்டுக்கு ஒரே ஒரு சாட்சி இருந்தார். அவர் ஐஸ் பெட்டிக்குள் இருக்கிறார்.

"என்னம்மா யோசிக்கிற?" என்றாள் ஹரிப்ரியா.

"ஒண்ணுமில்ல. நீ ரெண்டு பிஸ்கட்டாவது துன்னு. மயக்கம் போட்டு விழுந்தா உன்னையும் நானே தூக்கணும்."

*

வெயில் தணிய ஆரம்பித்தது. நீவா ஆற்றங்கரைச் சுடுகாட்டுக்குப் போகும் வண்டி தெருமுனையில் வந்து நின்றது. பாடை கட்டியாகிவிட்டது. ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்துக் குளிப்பாட்டி, புது வேட்டி கட்டி, வாசலில் பெஞ்சின்மேல் கிடத்தினார்கள். பெட்டியின் குளிரில் நாகபூஷணத்தின் மீசை விறைத்துப்போயிருந்தது. இந்திராணி அதை விரலால் நீவிச் சரிசெய்தாள். யாமினி இன்னும் வரவில்லை.

பாலு கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு அவளிடம் வந்து குரலைத் தாழ்த்தினார்.

"அண்ணி, ராகு காலத்துக்கு முன்னாடி எடுத்துடணும். காணிப்பாக்கத்துக்கிட்ட ரோட்டு வேலையாம். பஸ்ஸு அப்படியே நிக்குதுன்னு ரகு சொல்றான். எப்ப வரும்னு சொல்ல முடியாது."

"கொஞ்சம் பாரு."

"யாருக்காகப் பாக்கறது? பொண்ணு இங்க இருக்கா. நான் இருக்கேன். உங்க பக்கத்து ஜனம் எல்லாம் நகரியில இருந்து வந்தாச்சு. பொணத்தை நிறுத்தி வைக்கறதுன்னா சொந்தக்காரங்களுக்காகத்தான் நிறுத்துவாங்க. இவளுக்காக நிறுத்தினா அதுக்கு என்னா அர்த்தம்? ஊரு என்னா நெனைக்கும்?"

அவர் மெதுவாகத்தான் சொன்னார். ஆனால் பெண்கள் வரிசை முழுக்கக் கேட்டது. மணியம்மா தரையைப் பார்த்தாள். எல்லோரும் இந்திராணியின் பதிலுக்காகக் காத்திருப்பது தெரிந்தது.

இப்போது எடுக்கச் சொன்னால் ஒருவரும் தப்பு சொல்ல மாட்டார்கள். பஸ் நின்றுவிட்டது, நேரமாகிவிட்டது. எல்லாம் தானாகவே அவளுக்குச் சாதகமாக நடந்திருக்கிறது. யாமினி வந்து சேரும்போது நாகபூஷணம் சாம்பலாக இருப்பார். பாட்டு இந்திராணியிடமே தங்கிவிடும். அவளிடம் தங்கும், ஆனால் பயந்து ஒளித்து வைத்த பொருளாகத்தான் தங்கும். மேடையில் அந்த இடைவெளியில் அவர் என்ன செய்தார் என்று சொல்லக்கூடிய ஒரே ஆள் யாமினி. தெரிந்துகொள்ளாமல் மிச்சக் காலத்தைத் தள்ள முடியாது என்று இந்திராணிக்குத் திடமாகத் தோன்றியது.

"எனக்காக நிறுத்து பாலு" என்றாள். சத்தமாகவே.

"உங்களுக்கா?"

"ஆமா. நான் அவளைப் பாக்கணும். அவ வந்தப்புறம் எடுக்கலாம். ராகு காலம் வந்தா வரட்டும். உங்க அண்ணன் எந்தக் கச்சேரியை நேரத்துக்கு ஆரம்பிச்சாரு?"

நகரியிலிருந்து வந்திருந்த பெரியவர் ஒருவர், "அதுவும் சரிதான்" என்றார். பாலு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

*

யாமினி ஆட்டோவிலிருந்து இறங்கினாள். இந்திராணி மனதில் வைத்திருந்த பெண் இவளில்லை. திருப்பதியில் அலிபிரிப் பக்கம் பெண்கள் ஹாஸ்டல் நடத்துகிறாள் என்று கேள்விப்பட்டிருந்தாள். பருத்த உடம்பு, நரைத்த முன்முடி, முழங்காலைப் பிடித்துப் பிடித்து வைக்கும் நடை. கையில் சம்பங்கி மாலை. பந்தலின் விளிம்பில் நின்றுவிட்டாள். எல்லாக் கண்களும் தன்மேல் இருப்பது தெரிந்து, எங்கே கால் வைப்பது என்று தெரியாதவள்போல.

இந்திராணி எழுந்துபோய் அவள் கையைப் பிடித்தாள். மாலையைப் போடவைத்தாள். யாமினி நாகபூஷணத்தின் காலைத் தொட்டுவிட்டு நிமிர முடியாமல் தடுமாறியபோது, இந்திராணியே அவளைத் தூக்கி நிறுத்தினாள். பிறகு, "உள்ள வா. தண்ணி குடி" என்று அழைத்துப்போனாள். ஹரிப்ரியா கதவருகில் நின்று வழிவிட்டாள். விலகிப் போகவில்லை.

யாமினி தண்ணீரைக் குடித்தாள். சொம்பைக் கீழே வைக்காமல் கையிலேயே பிடித்திருந்தாள்.

"அக்கா, நீங்க என்ன கேப்பீங்கன்னு எனக்குத் தெரியும். பஸ்ஸுல அதையேதான் யோசிச்சிக்கினு வந்தேன். சாமி சத்தியமா..."

"அதைக் கேக்கறதா இருந்தா இத்தனை வருஷம் இருந்துச்சேம்மா. அதுக்கு நீ வரணுமா? அவரையே கேட்டிருப்பேன்."

யாமினி சொம்பை இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டாள்.

"அந்தப் பாட்டுல உன் வரியை நீ பாடறப்ப அவரு என்ன பண்ணுவாரு?"

"என்னது?"

"மேடையில. நீ பாடற நேரம். அவரு என்ன பண்ணிக்கினு இருப்பாரு?"

இந்தக் கேள்விக்கு யாமினி தயாராக வரவில்லை. யோசித்தாள். மெல்ல அவள் முகத்தில் பழைய எரிச்சல் ஒன்று வந்தது. சாவு வீட்டில் காட்டக்கூடாத எரிச்சல்.

"உண்மையச் சொல்லட்டுமா அக்கா? அந்தப் பாட்டுல அவரோட பாடறதே ரோதனை. மத்தப் பாட்டுல எல்லாம் தாளத்துல ஆணி அடிச்ச மாதிரி நிப்பாரு. இது ஒண்ணுல மட்டும் என் வரி முடிஞ்சதும் எடுக்க மாட்டாரு. வாயைத் தெறந்து வச்சிக்கினு நிப்பாரு. ஒரு மூச்சு தள்ளித்தான் எடுப்பாரு."

இந்திராணி அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"மொதல்ல கங்காதர நெல்லூர் கல்யாணத்துல நான் பயந்தே போய்ட்டேன். வரி மறந்துட்டாருன்னு நெனச்சு, அவரு வரியையும் நானே பாடிட்டேன். மேடைய விட்டு எறங்கினதும் புடிச்சிக்கினாரு. 'முடிக்க வுட மாட்டியா?'ன்னாரு. நான்தான் முடிச்சிட்டேனே சார், வேற யாரு முடிக்கணும்னு கேட்டேன். மூஞ்சியைத் திருப்பிக்கினாரு. அப்புறம் ரகுவே தபலாக்காரன்கிட்ட சொல்லி அங்க ஒரு சுத்து தாளம் சேத்துட்டான். என்ன அதிசயமோ, ஜனத்துக்கு அதான் புடிச்சுது. அந்த எடத்துல பந்தியில சாம்பார் ஊத்தறவன்கூட வாளியோட நின்னுடுவான். என் வரிக்கு யாரும் கை தட்டினதில்ல அக்கா. நான் முடிச்ச அப்புறம் வர்ற அந்தச் சும்மாவுக்குத்தான் தட்டுவாங்க."

இந்திராணிக்குச் சிரிப்பு வந்தது. வயிற்றிலிருந்து கிளம்பி, நிறுத்த முடியாமல் வந்தது. முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். தோள்கள் குலுங்கின. வாசலிலிருந்து எட்டிப் பார்த்த மணியம்மா, கடைசியில் அழுதுவிட்டாள் என்று யாரிடமோ சொல்வது கேட்டது.

கங்காதர நெல்லூர், நகரி, நாகலாபுரம், திருப்பதியின் பெரிய மண்டபங்கள். எத்தனை மேடை. எத்தனை பெட்ரோமாக்ஸும் சீரியல் லைட்டும். அத்தனை இடத்திலும் பால்காரனும் கேஸ் சிலிண்டரும் தண்ணீர் வராத குழாயும் போய்வந்திருக்கின்றன. ஊரே அதற்காக மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறது.

"அக்கா? நான் எதுனா தப்பா சொல்லிட்டேனா?"

யாமினியிடம் சொல்லலாம். சொன்னால் அவளும் சிரிப்பாள் என்று தோன்றியது. சொல்லவில்லை.

"இல்லம்மா. எழுந்திரு. போய்ப் பாடு."

"நானா? இப்பவா? அக்கா, வெளிய எல்லாரும்..."

"எல்லாரும் இருக்கறப்பதான் பாடணும். இல்லன்னா உனக்காக எதுக்கு எடுக்காம நிறுத்தி வச்சேன்? குரல் வருமா?"

"ஹாஸ்டல் பொண்ணுங்களைக் கத்திக் கத்திக் கட்டையாயிடுச்சு."

"பரவால்ல. அவரு குரலும் கடைசியில கட்டைதான்."

ஹரிப்ரியா வாசற்படியில் நின்று இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அம்மாவின் முகத்தில் என்ன பார்த்தாளோ, உள்ளே வந்து யாமினியின் கையிலிருந்த சொம்பை வாங்கிக்கொண்டாள். "படி ஒண்ணு இருக்குது, பாத்து வாங்க" என்றாள்.

*

ரகு இரண்டு நாற்காலிகளைச் சேர்த்துப் போட்டு அதன்மேல் கீபோர்டை வைத்தான். மைக்செட்காரன் எங்கிருந்தோ வேறொரு பெட்டி கொண்டுவந்திருந்தான். பாலுவே ஒயரை எடுத்து நீட்டினார்.

"அண்ணாவோட வரிக்கு நான் வெறும் மெட்டு மட்டும் வாசிக்கறேன், வதினா" என்றான் ரகு. அவள் தலையாட்டினாள்.

முன்னிசை ஆரம்பித்ததும் தெரு அடங்கியது. நாகபூஷணத்தின் முதல் வரி, குரல் இல்லாமல், தாழ்ந்த சுருதியில் போனது. யாமினி ஒரு கையை நாற்காலி முதுகில் ஊன்றிக்கொண்டு தன் வரியை எடுத்தாள். குரல் உடைந்திருந்தது. ஆனால் ஒவ்வொரு சுரமும் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது. இந்திராணி முதல்முறையாகப் பயமில்லாமல் அந்தப் பெண் வரியைக் கேட்டாள். அழகாக இருந்தது. இப்படி ஒரு வரி எழுதுகிறவர்கள் எங்கோ ஓர் ஊரில் இருந்திருக்கிறார்கள். அவர்களுக்குச் சித்தூர் என்று ஒரு ஊர் இருப்பதே தெரிந்திருக்காது.

பெஞ்சிலிருந்து பாடைக்கு மாற்றிக் கிடத்தியதும் பெண்கள் ஒவ்வொருவராக வந்து வாய்க்கரிசி போட்டுவிட்டு நகர்ந்தார்கள். மணியம்மா போட்டாள். ஹரிப்ரியா போட்டாள். பாடை தூக்குகிறவர்கள் நான்கு மூலைகளிலும் வந்து குனிந்து மூங்கிலைப் பிடித்துக்கொண்டார்கள். பாட்டு மூன்றாவது சரணத்தில் ஏறி, இறங்கத் தொடங்கியிருந்தது.

கடைசியாக இந்திராணி வந்தாள். முறத்திலிருந்து ஒரு பிடி அரிசியை எடுத்தாள்.

யாமினி தன் கடைசி வரியை முடித்தாள்.

ரகு எடுக்கவில்லை. விரல்கள் கட்டைகளுக்கு மேலே நின்றன. அவன் யாமினியைப் பார்க்கவில்லை. இந்திராணியின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தான். தூக்குகிறவர்கள் குனிந்தபடியே நின்றார்கள். பாலு, "சீக்கிரம்" என்று சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் விட்டார். ஒருவரும் இருமவில்லை.

இந்திராணி அவசரப்படவில்லை. அரிசியை உதட்டின்மேல் மெதுவாக விட்டாள். மோவாயில் ஒட்டிக்கொண்ட ஒரு மணியை விரல் நுனியால் எடுத்தாள். சம்பங்கி மாலை ஒரு பக்கம் சரிந்திருந்தது. அதை நேராக்கினாள். வேட்டி நுனியைக் காற்று தூக்கியது. அதைக் கால் அடியில் செருகினாள். ஏதாவது விட்டுப்போயிற்றா என்று தலையிலிருந்து கால்வரை ஒருமுறை பார்த்தாள்.

பிறகு நிமிர்ந்தாள்.

ரகுவின் விரல் இறங்கியது.